எண்ணூர் ஆஸ்டினுக்கு ஒரு வாட்டர் பம்ப்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் நேரத்தை மணிக்கணக்கில் சொல்ல முடியாது. எத்தனை டீ குடித்தோம் என்பதுதான் கணக்கு. அப்படியொரு வரிசையில், எர்ணாவூர் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பாவின் ஆஸ்டின் ஏ40 கொதித்தது.

முதலில் வாசனைதான் வந்தது. சூடான ரப்பர், துரு, கூடவே அடிப்பிடித்த கஞ்சி போல ஏதோ ஒன்று. பிறகு பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி. பெரியப்பா பதற்றமே இல்லாமல் வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி அணைத்தார். நான் இறங்கி ரேடியேட்டர் மூடியைத் தொடப் போனேன். "மூடியத் தொறக்காத, மூஞ்சி வெந்துரும்" என்றார். அரை மணி நேரம் கழித்து அவரே பானெட்டைத் தூக்கினார். ஃபேனுக்குப் பின்னால் விரலை விட்டு, எடுத்து என்னிடம் காட்டினார். விரல் முழுக்கச் சிவந்த துருத் தண்ணீர்.

"பம்ப்பு போச்சு."

மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படித்துவிட்டுப் பன்னிரண்டு வருடமாகக் கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். வாட்டர் பம்ப் என்றால் எனக்குத் தேர்வில் வரைந்த ஒரு படம். பெரியப்பாவோ எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆக, பம்ப்பை மாற்றுவது அவர் வேலை, எந்தப் பம்ப் என்று தேடுவது என் வேலை என்று முடிவானது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டு விஷயங்கள் கழுத்தை நெரித்தன. பெரியப்பாவின் ஓட்டுநர் உரிமம் ஆகஸ்டில் முடிகிறது. கண் ஒன்றில் பார்வை சரியில்லை. திரும்ப எழுதிக் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவது, இஞ்சினின் ஹெட். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த பம்ப்பை வாங்கி மாட்டியதில், அதன் இறக்கை ஷாஃப்ட்டிலேயே வழுக்கிச் சும்மா சுற்றியிருக்கிறது. தண்ணீர் ஓடவில்லை. ஹெட்டில் விரிசல். காஸ்ட் அயர்னைச் சூடுபடுத்தி வெல்ட் வைத்திருக்கிறார்கள், அந்தத் தழும்பு இன்றும் தெரிகிறது. "இன்னொரு தபா கொதிச்சா ஹெட்டு அவ்ளோதான். அப்பறம் வண்டிய காயலாங்கடைக்குத்தான் தள்ளணும்" என்றார்.

•

பெட்ரோல் இஞ்சின் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீரின் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்ணீரை நகர்த்துவது யார் என்பதற்குக் காரின் ஆரம்ப காலத்தில் ஓர் அழகான விடை இருந்தது: யாருமில்லை. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். இஞ்சினுக்கு முன்னால் உயரமான ரேடியேட்டர் ஒன்றை வைத்துக் குழாயால் இணைத்துவிட்டால் தண்ணீர் தானாகச் சுற்றும். தெர்மோசைஃபன் என்று பெயர். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி முதல் சுமார் 2,500 கார்களில் பம்ப் வைத்திருந்தது, பிறகு அதைத் தூக்கிவிட்டு இந்த முறைக்கு மாறிவிட்டது. பம்ப் இல்லையென்றால் கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. 1922இல் வந்த ஆஸ்டின் செவனும் அப்படித்தான் ஓடியது.

இஞ்சின்களின் வேகம் கூடி, பானெட்டுகள் தாழ்ந்து, ரேடியேட்டரின் உயரம் குறைந்தபோது அந்தச் சோம்பேறித்தனமான சுழற்சி போதவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947இல் பர்மிங்காம் அருகே லாங்பிரிட்ஜ் ஆலையிலிருந்து ஆஸ்டின் ஏ40 வந்தபோது அதில் 1,200 சிசி ஓவர்ஹெட் வால்வ் இஞ்சினும், அதன் முகத்தில் பெல்ட்டால் சுற்றும் பம்ப்பும் இருந்தன. பம்ப்பின் அதே ஷாஃப்ட்டில்தான் ஃபேனும். அதாவது உள்ளே தண்ணீரைத் தள்ளும் இறக்கை, வெளியே காற்றை இழுக்கும் இறக்கை, பக்கவாட்டில் பெல்ட்டின் இழுப்பு, மூன்றையும் ஒரே ஷாஃப்ட் தாங்குகிறது. நடுவில் தண்ணீர் பேரிங்குக்கு வராமல் தடுக்கும் ஒரு சீல். சீல் தேய்ந்தால் கசியும் தண்ணீர் பேரிங்கைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காகப் பம்ப்பின் கழுத்துக்குக் கீழே ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளை சொட்ட ஆரம்பித்தால் "என்னைக் கழற்று" என்று பம்ப் சொல்கிறது என்று அர்த்தம். எங்கள் பம்ப் எவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததோ தெரியாது. யாரோ அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள்.

•

இந்தக் கார் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் நிற்பதற்குக் காரணம் 1948 செப்டம்பர் 7 அன்று தொடங்கப்பட்ட ஒரு கம்பெனி. விடுதலைப் போராட்டத்தில் இருந்த ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரில் அதைத் தொடங்கினார்: அசோக் மோட்டார்ஸ். கப்பலில் பெட்டி பெட்டியாக வரும் பாகங்களைப் பொருத்தி ஆஸ்டின் கார்களாக்குவதுதான் வேலை. 1949இல் எண்ணூரில் ஏ40கள் உருவாகத் தொடங்கின. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன எண்ணூர் முதலில் செய்தது ஒரு குட்டிக் கார் என்பது எங்கள் ஏரியா பசங்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

இங்கிலாந்துக்கும் அப்போது இது வாழ்வா சாவா கணக்குதான். போரில் கடன்பட்ட நாடு. ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளுக்கே உருக்கு ஒதுக்கீட்டில் முன்னுரிமை. எனவே ஏ40 உலகம் முழுக்கப் போனது. பிறந்ததே வெளியூருக்காகத்தான் என்று சொல்லலாம்.

அந்தப் பத்து வருடங்களில் வடசென்னையில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு முட்டும். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை ரப்பர் பலூன் செய்ய ஆரம்பித்தார், அதுதான் பிற்பாடு எம்ஆர்எஃப் டயர். 1955இல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின, புல்லட்டின் ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. புல்லட் இஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும். தண்ணீர் கேட்கும் இஞ்சினும் கேட்காத இஞ்சினும் ஒரே சாலையில் சில கிலோமீட்டர் இடைவெளியில். தெருக்குழாய்க்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த எங்களுக்கு, ஒட்டினால் புல்லட்தான் ஓட்டணும் என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

ஆஸ்டினின் எண்ணூர் வாழ்க்கை குறுகியது. 1950இல் அசோக் மோட்டார்ஸுக்கும் இங்கிலாந்தின் லேலண்டுக்கும் லாரிகளுக்கான ஒப்பந்தம் ஏற்பட்டது. 1951இல் முதல் லேலண்ட் காமெட்டுகள் எண்ணூரில் பொருத்தப்பட்டன. இதற்கிடையே சரண் விமான விபத்தில் இறந்துபோனார். 1953இல் மத்திய அரசு, வரி ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி ஒரு கோட்டைப் போட்டது: சும்மா பொருத்தி விற்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை, படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் எதிர்காலம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. எண்ணூர் லாரியைத் தேர்ந்தெடுத்தது. 1954இல் ஆண்டுக்கு 1,000 காமெட் செய்ய அரசு அனுமதி, 1955இல் லேலண்ட் பங்குதாரராகி அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றம். காரின் கதை அதோடு சரி.

அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். புதிதாய்ப் பிறந்த நாட்டுக்கு டாக்டர்களின் கார்களைவிட அரிசி மூட்டை சுமக்கும் லாரிகள் முக்கியம். ஆனால் அந்தச் சரியான முடிவுக்கு ஒரு சின்ன வாரிசு உண்டு: உற்பத்தி ஆகாமலே நின்றுபோன கார்கள். 'படிப்படியாக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எளிதில் கிடைக்கும் பாகங்களை முதலில் உள்ளூரில் செய்வார்கள். வார்ப்பும் கடைசலும் நுணுக்கமும் கேட்பவை கடைசியில்தான் வரும். அந்தக் கடைசி வருவதற்குள் ஏ40 போய்விட்டது. எண்ணூரில் பொருத்தப்பட்ட காருக்கு எண்ணூரில் வார்த்த பம்ப் கிடையாது.

எங்கள் கார் எண்ணூர்க் கார்தானா என்பதற்கும் ரசீது ஒன்றும் இல்லை. கீழ்ப்பாக்கத்து டாக்டர் ஒருவரிடமிருந்து எழுபதுகளில் பெரியப்பா வாங்கியது. "எண்ணூர்ல செஞ்சது" என்று டாக்டர் சொன்னாராம். நான் ஒருமுறை சந்தேகம் கேட்டுவிட்டேன். பெரியப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

•

செத்துப்போன காருக்கு உதிரிபாகம் தேடுவது என்றால் அதன் சொந்தக்காரர்களைத் தேடுவது. ஏ40இன் 1,200 சிசி இஞ்சின் அதோடு முடிந்துவிடவில்லை. 1952இல் ஆஸ்டினும் மாரிஸும் பிஎம்சி என்று ஒன்றான பிறகு, அந்த இஞ்சினை அடிப்படையாக வைத்துப் பெரிதாக்கி உருவாக்கியதுதான் பி-சீரிஸ். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ஃபோர்க். 1,489 சிசியில் 1953இல் எம்ஜி மேக்னெட்டில் வந்தது, பின்னால் 1,798 சிசியாக வளர்ந்து எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 1962 முதல் 1980 வரை ஓடியது. இன்னொரு கிளை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்கு வந்தது. 1959இலிருந்து நம் அம்பாசிடரின் பானெட்டுக்குள் இருந்தது அந்த 1,489 சிசி இஞ்சின்தான்.

ஆக, எண்ணூர் ஆஸ்டினுக்கு இந்தியாவில் நெருங்கிய உறவு அம்பாசிடர். அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. ஆனால் அரை நூற்றாண்டு ஓடிய வண்டி, பாகங்கள் அவ்வளவு சீக்கிரம் தீராது. புதுப்பேட்டைக்குப் போனேன்.

கூவத்தின் ஓரத்து அந்தச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கேள்வி கேட்பவர் கடைக்காரர், பதில் சொல்ல வேண்டியவர் நாம். "அம்பாசிடர் பம்ப்பா? பெட்ரோலா டீசலா இசுசுவா? எந்த வருஷம்? ஃபேன் எத்தன றெக்க?" நான் ஆஸ்டின் என்றதும் அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அது மரியாதையா பரிதாபமா என்று பிடிபடவில்லை.

மூன்று பம்ப்புகளை எடுத்து வைத்தார். ஒன்று பழைய வண்டியில் கழற்றியது, இரண்டு புதுசு. பெரியப்பா வீட்டிலிருந்தே பாடம் நடத்தி அனுப்பியிருந்தார். உள்ளே இருக்கும் இறக்கையைப் பார், வார்ப்பா அல்லது தகரத்தை மடித்ததா என்று. கையால் சுற்று, கரகரவென்று இருந்தால் வேண்டாம், வழவழவென்று எதிர்ப்பே இல்லாமல் சுற்றினாலும் சந்தேகப்படு, சீல் அழுத்திக்கொண்டிருந்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டு. கடைசியாக வெர்னியரை எடுத்து, இஞ்சினோடு ஒட்டும் முகத்திலிருந்து ஃபேன் மாட்டும் முகம் வரை எவ்வளவு என்று அள.

அந்தக் கடைசி அளவில்தான் எல்லாம் கவிழ்ந்தது. எங்கள் பம்ப்புக்கும் அவற்றில் ஆகச் சிறந்ததற்கும் 7 மில்லிமீட்டர் வித்தியாசம். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் கிராங்க் புல்லி, டைனமோ புல்லி, பம்ப் புல்லி மூன்றும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். 7 மில்லிமீட்டர் விலகினால் பெல்ட் கோணலாக ஓடும், ஓரம் தேயும், பேரிங்கைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபேனும் அதே அளவு ரேடியேட்டரை நோக்கி நகரும். வாஷர் வைத்துச் சரிசெய்யலாம் என்று கடைக்காரர் சொன்னார். பெரியப்பாவுக்கு போன் போட்டேன். "வாஷர் வெச்சா வாஷருக்கு ஒரு வாஷர் வெக்கணும். வா வூட்டுக்கு" என்றார்.

இன்னொரு வழியும் இருந்தது. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே பழைய கார்களுக்கு சங்கங்களும் சின்னச் சின்ன வியாபாரிகளும் உண்டு. எம்ஜிபி மட்டுமே 5 லட்சத்துக்கும் மேல் ஓடிய குடும்பம் என்பதால் பி-சீரிஸ் பாகங்களுக்கு அங்கே இன்றும் சந்தை இருக்கிறது, ஏ40க்குக் கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பாகம் உயிரோடு இருப்பது அதன் தரத்தால் மட்டும் அல்ல போல, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் கணக்கு. "அளவு சொல்லு, வாங்கி அனுப்புறேன்" என்றான் அண்ணன். ஏப்ரல் பாதி போயிருந்தது. எந்த அளவைச் சொல்வது?

•

அந்தக் கேள்விக்காகத்தான் பழைய பம்ப்பைப் பிரித்தோம். ஷெட்டில் செய்தித்தாள் விரித்து, பெரியப்பா ஒரு பழைய புல்லரால் ஹப்பை உருவினார். உள்ளே இருந்தது எதுவும் பர்மிங்காமிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேரிங்குகளும் 6203. 17 மில்லிமீட்டர் உள்விட்டம், 40 வெளிவிட்டம், 12 அகலம். மோட்டாரிலிருந்து கிரைண்டர் வரை எல்லாவற்றிலும் இருக்கிற, பிராட்வே பக்கம் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கிற மெட்ரிக் பேரிங். அதற்கு இடம் பண்ண யாரோ பம்ப்பின் உட்புறத்தைக் கடைந்து ஒரு வளையம் ஏற்றியிருக்கிறார்கள். ஷாஃப்ட்டும் உள்ளூர்க் கடைசல்தான், கருவி போன தடம் கண்ணுக்கே தெரிகிறது. ஹப்பும் வேறு ஏதோ வண்டியுடையது. பார்த்தால் அந்த 7 மில்லிமீட்டர் ஆஸ்டினுடையதே அல்ல. என்றோ ஒரு டர்னர் கையில் கிடைத்த ஹப்பைப் போட்டு, அதற்குத் தகுந்தாற்போல் புல்லியையும் கடைந்து, வண்டியை அனுப்பிவிட்டிருக்கிறார். வெளியே இருக்கிற இரும்புக் கூடு மட்டும் பழசு. அதில் வார்ப்பு எண் பாதி தேய்ந்து கிடந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எழுபது வருடத்துக் காரைத் திறந்தால் வரலாறு இருக்கும் என்று எதிர்பார்த்தவனுக்கு கிரைண்டர் பேரிங் கிடைத்தது. பெரியப்பாவுக்கு நேர்மாறு. அந்த ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா பண்ணிக்கிறான்டா. சீலு வாங்குன எடத்துல தான் தப்பு பண்ணிட்டான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் லண்டனிலிருந்து அனுப்பக்கூடிய 'ஒரிஜினல்' பம்ப் எங்கள் காருக்குப் பொருந்தாது. பொருந்த வேண்டுமென்றால் புல்லியையும் ஃபேனையும் ஒரிஜினலாக மாற்ற வேண்டும், அதற்கு அவை கிடைக்க வேண்டும். 1950களில் கப்பலில் வந்த காருக்கும் இப்போது ஷெட்டில் நிற்கும் காருக்கும் நடுவே பெயர் தெரியாத பல கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளோடு ஒத்துப்போகிற பம்ப்தான் வேண்டும்.

•

பெரியப்பா என்னைக் காசிமேட்டுக்கு அழைத்துப்போனார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில், படகு இஞ்சின் வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறை. கார் வேலை அங்கே வருவதே இல்லை.

ஏன் அங்கே என்பதற்கு அவர் சொன்ன காரணம் எளியது: தண்ணீரைப் பற்றிப் படகுக்காரர்களுக்குத்தான் தெரியும். விசைப்படகில் இஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்ப் உண்டு. உப்பு சீலைத் தின்னும், மணல் இறக்கையைத் தின்னும், நடுக்கடலில் நின்றுபோனால் ஆள் திரும்புவதே கஷ்டம். காசிமேடு, ராயபுரம் பட்டறைகள் பம்ப் சீரமைப்பைக் கற்றுக்கொண்டது இந்த வகுப்பறையில்தான். அந்தப் படகுகளில் பலவற்றில் இருப்பது லேலண்ட் டீசல் இஞ்சின். பட்டறை வாசலில் பிரித்துப் போட்டிருந்ததும் லேலண்ட்தான். எண்ணூரில் ஆஸ்டினை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வந்த பெயர் அந்தப் பம்ப்பின் மேல் வார்ப்பில் நின்றது. நான் இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் நீ எழுதிக்கோ" என்றார்.

லேத்துக்காரர் எங்கள் கூட்டைக் கையில் வாங்கி, விரலால் உள்ளே தடவினார். "நைனா, சீல் ஒக்கார்ற முகம் குழி விழுந்துகீது. அத மொதல்ல மட்டம் பண்ணணும். புது சீல் போட்டாலும் அந்தக் குழியில தண்ணி வரும்." முந்தைய ஆள் செய்த தப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். கூட்டை லேத்தில் ஏற்றி முகத்தைக் கடைந்தார். பிறகு சீல். அளவைச் சொல்லி சீல் தேடலாம் என்று நான் வெர்னியரை எடுத்தேன். அவர் சிரித்தார். "தம்பி, சீல் நம்மளத் தேடி வராது. நல்ல சீல் எந்த அளவுல கெடைக்குதோ அதுக்கு ஷாஃப்ட்ட அடிச்சிக்கணும்." கார்பன் முகம் வைத்த 16 மில்லிமீட்டர் சீல் அவரிடமே இருந்தது. எஸ்எஸ் ராடில் புது ஷாஃப்ட், பேரிங் உட்காரும் இடத்தில் 17, சீல் இடத்தில் 16. பேரிங் அதே 6203, இருபுறமும் ரப்பர் மூடி போட்டது.

இறக்கைக்குக் கன்மெட்டல் போட்டால் துருப்பிடிக்காதே என்று கேட்டேன். "கடல் தண்ணிக்குத்தான் கன்மெட்டல். இரும்புக் கூட்டுக்குள்ள அத வெச்சு உப்புத் தண்ணி ஊத்துனா கூட்ட அரிச்சிரும். ஒனக்கு எதுக்கு? பழைய றெக்க நல்லாத்தான் கீது." கல்லூரியில் கால்வானிக் அரிப்பு என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்தது இதைத்தான்.

பாதி நாள் பிடித்த ஒரே வேலை இறக்கையை ஷாஃப்ட்டில் எவ்வளவு ஆழம் ஏற்றுவது என்பது. ரொம்ப உள்ளே போனால் கூட்டில் உரசும். வெளியே நின்றால் தண்ணீர் இறக்கையைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடும், வண்டி நெரிசலில் மெதுவாக ஓடும்போது சுழற்சி செத்துவிடும். எண்ணூர் சாலையில் வண்டி எப்போதும் மெதுவாகத்தான் ஓடும் என்பதால் இது எங்களுக்கு உயிர்நாடி. மெல்லிய ஈயக் கம்பியை நடுவில் வைத்து, போல்ட்டை இறுக்கி, பிரித்து, நசுங்கிய கம்பியின் தடிமனை அளந்தார். மறுபடி பிரஸ்ஸில் ஒரு தட்டு. மறுபடி கம்பி. நான்காவது முறை அரை மில்லிமீட்டர் வந்ததும் நிறுத்தினார். கடைசியில் ஷாஃப்ட்டுக்கும் இறக்கைக்கும் குறுக்கே ஒரு சின்ன பின் அடிக்கச் சொன்னார் பெரியப்பா. வழுக்கிய பழைய பம்ப்பை அவர் மறக்கவில்லை. எம்-சீல் வைத்த துளையை லேத்துக்காரர் தானாகவே ட்ரில் போட்டுத் திறந்துவிட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

•

ஷெட்டில் பம்ப்பை மாட்டிவிட்டு, நான் வழக்கம்போலத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். வீட்டு போர் தண்ணீர். பெரியப்பா தடுத்தார். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் உள்ளே வருவதை 1960களின் கடைசியிலேயே ஆய்வுகள் சொல்லிவிட்டன. எங்கள் தெருவில் அதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை, பக்கெட்டின் ஓரத்து வெள்ளைப் படிவம் போதும். எங்கள் சீல் முகத்தில் குழி போட்டதும் இந்தத் தண்ணீர்தான். தெரு குடிப்பதைத்தான் இஞ்சினும் இத்தனை வருடம் குடித்திருக்கிறது. கேன் கேனாக டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் வாங்கி வந்தேன். "எங்கம்மா கொழந்தைக்குக் கூட காசு குடுத்து தண்ணி வாங்குனதில்ல" என்று புலம்பிக்கொண்டே ஊற்றினார்.

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். தெர்மோஸ்டாட்டே இல்லை. நம்மூர் மெக்கானிக்குகள் காலம் காலமாகச் செய்யும் வேலை, "நம்ம சூட்டுக்கு அது எதுக்கு" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். அதனால் இஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோலும் கூடச் செலவாகும். இதில் பெரியப்பாவோடு எனக்குப் பெரிய சண்டை. அவர் ஜெயித்தார். இன்றும் அங்கே தெர்மோஸ்டாட் இல்லை.

மே மாத முடிவில், லாரிகள் வரிசை கட்டும் முன், காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். தேரடி, விம்கோ நகர், எர்ணாவூர். போன முறை கொதித்த இடத்தில் அவர் வேண்டுமென்றே நிறுத்தி, இஞ்சினைப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டார். பானெட்டைத் தூக்கிப் பம்ப்பின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்தார். காய்ந்திருந்தது. எண்ணூர் முகத்துவாரம் வரை போய்த் திரும்பினோம். ஆகஸ்ட் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அதே வழி, அதே இடத்தில் அதே பத்து நிமிடம்.

அண்ணன் விடவில்லை. ஜூலையில் இங்கிலாந்திலிருந்து ஒரு அட்டைப் பெட்டி வந்தது, உள்ளே புத்தம்புது ஏ40 பம்ப். பெரியப்பா அதை மாட்டவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. ஒரு நாள் முழுக்க அளந்தார். அதன் முகத்தைக் காலண்டர் அட்டையில் பென்சிலால் வரைந்து, போல்ட் துளைகளைக் காம்பஸால் குறித்து, அளவுகளை ஓரத்தில் எழுதி, என்னிடம் கொடுத்து காசிமேட்டுக்கு அனுப்பினார். லேத்துக்காரர் அதைப் படகு பம்ப்புகளின் கேஸ்கெட் அட்டைகள் தொங்கும் ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறார். மேலே மார்க்கரில் 'ஆஸ்டின், நைனா வண்டி' என்று எழுதியிருக்கிறது.